சந்தனப் பொட்டு வைத்த கார்டு

ரமா டீச்சர் நல்லவள். முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மேற்கொண்டு கேட்டால் உங்களுக்கு அப்படித் தோன்றாது. செங்கல்பட்டு மேட்டுத் தெருவிலிருந்து தினமும் பஸ் ஏறிப் படாளம் போய், இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். கரும்பலகையில் எதை எழுதினாலும் அவள் வாயும் கூடவே சொல்லும். "ஏழு, மூணு, பூஜ்யம்" என்று கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். யார் வீட்டுக் கல்யாணமானாலும் முதல் ஆளாய்ப் போய்ப் பந்தியில் நின்று பரிமாறுவாள். அவளுக்கு இருந்த ஒரே வியாதி ஓரகத்திதான்.

ஓரகத்தி பெயர் சுப்ரஜா. ரமாவின் கணவன் வேதாந்தத்தின் தம்பி பக்தவத்சலம் கல்பாக்கத்தில் வேலையில் இருந்தான். தொண்ணூற்றேழில் அவனைக் கட்டிக்கொண்டு அந்தக் குடும்பத்துக்குள் வந்தாள் சுப்ரஜா. பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம். மரியாதை தெரிந்த பெண், வாய்க்கு வாய் "அக்கா" என்பாள். குற்றம் சொல்லலாமென்று அவள் வைத்த ரசத்தை ரமா இரண்டு தடவை ஊற்றிச் சாப்பிட்டுப் பார்த்தாள். ரசத்திலும் குற்றம் இல்லை. அதுதான் ரமாவுக்குப் பொறுக்கவில்லை. திட்டுவதற்கு ஒரு காரணம்கூடத் தராத மனுஷியை எப்படித்தான் சகித்துக்கொள்வது?

இரண்டாயிரத்தில் வேதாந்தத்துக்குத் தாலுகா ஆபீசில் பதவி உயர்வு வந்தது. மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு ஹோட்டலில் எல்லாருக்கும் ரமா விருந்து வைத்தாள். வைத்தாள் என்றா சொன்னேன்? வைக்க நினைத்தாள். புது நோட்டாகப் பார்த்து எடுத்துப் பர்ஸில் அடுக்கிக்கொண்டு போயிருந்தாள். கை கழுவிவிட்டு வருவதற்குள் சுப்ரஜா ஒரு கார்டைக் கொடுத்து பில்லை முடித்துவிட்டு, கலெக்டர் கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரு சீட்டில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். "சித்தி, எனக்குக் காட்டு, எனக்குக் காட்டு" என்று ரமாவின் மகள் அம்மு அந்தக் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேதாந்தமோ, "பரவால்ல வுடு ரமா, எல்லாம் ஒரே குடும்பந்தானே" என்று பீடாவை மென்றான். ரமாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. புது நோட்டெல்லாம் போன மாதிரியே வீடு திரும்பின.

அன்று முதல் அவள் கண் சுப்ரஜாவின் கைப்பையை விட்டு அகலவில்லை. சுப்ரஜா துணிக்கடையில் கார்டு கொடுத்தாள், மருந்துக்கடையில் கார்டு கொடுத்தாள், ரயில் டிக்கெட்டுக்குக்கூடக் கார்டு கொடுத்தாள் என்று யாராவது சொன்னால் ரமாவுக்கு அன்றைய சாப்பாடு இறங்காது. "கையில காசு இல்லாதவங்கதான் அட்டையைத் தேய்ப்பாங்க" என்று பக்கத்து வீட்டு சாரதாம்பாளிடம் சொல்லுவாள். சொல்லிவிட்டு, அந்த அட்டை தன் கையில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

இரண்டாயிரத்து நான்கில் அம்முவுக்கு செய்யூர்ப் பக்கம் ஒரு நல்ல இடம் அமைந்தது. ஐப்பசியில் நிச்சயதார்த்தம். சேதி கேட்டதும் சுப்ரஜா போனில், "அக்கா, அம்முவுக்கு ஆரம் நான் போட்றேன், சித்தி சீராக இருக்கட்டும்" என்றாள். ரமா யோசிக்கவே இல்லை. "வேணாம். என் பொண்ணு கழுத்துல ஏறுற ஆரம் என் சம்பளத்துலதான் ஏறும்" என்றாள். போனை வைத்த பிறகுதான் மூச்சு சீரானது. ஆரத்துக்கென்றே ஐந்து வருஷமாகச் சேர்த்த ஐம்பதாயிரம் பேங்கில் இருந்தது. பஜார் தெரு நகைக்கடையில் மாடல்கூடப் பார்த்துவிட்டாள். நிச்சயதார்த்தத்தில் நாலு பேர் "ஆரம் யார் போட்டது?" என்று கேட்க வேண்டும், சுப்ரஜாவின் காது கேட்க "அம்மா போட்டது" என்று அம்மு சொல்ல வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் பேங்கிலிருந்து அவளுக்கும் ஒரு ஏடிஎம் கார்டு வந்தது. நீல நிறம், அதில் அவள் பெயர் எழும்பிய எழுத்தில். விவரம் கேட்ட சுப்ரஜா, "முதல் தடவை நானும் கூட வர்றேங்க்கா, மெஷினு கொஞ்சம் பேஜாரு பண்ணும்" என்றாள். "கணக்கு டீச்சருக்கு நாலு நம்பர் அமுக்கத் தெரியாதா?" என்று ரமா சிரித்துக்கொண்டே வெட்டிவிட்டாள்.

சரஸ்வதி பூஜை வந்தது. புத்தகம், அருவாமனை, வேதாந்தத்தின் ஸ்கூட்டர் சாவி எல்லாவற்றுக்கும் சந்தனம் தெளித்துக் குங்குமம் வைத்தார்கள். ரமா அந்தக் கார்டைப் புத்தக அடுக்குக்கு மேலே, வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வைத்து, முன்னும் பின்னும் தாராளமாகச் சந்தனம் பூசி நடுவில் குங்குமப் பொட்டும் வைத்தாள். பின்பக்கம் ஓடும் கறுப்புக் கோட்டைத்தான் மெஷின் படிக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆளை அவள்தான் வரவேண்டாம் என்றுவிட்டாளே.

விஜயதசமிக்கு மறுநாள், சனிக்கிழமை மத்தியானம், நகைக்கடைக்கு முன்பணம் எடுக்க ராட்டினங்கிணறு பக்கத்து ஏடிஎம்முக்குப் போனாள். மெஷின் கார்டை வாங்கி வாங்கித் துப்பியது. பின்னால் நின்றிருந்த ஆள் எட்டிப் பார்த்தான். நெற்றியில் பட்டை, சலவைச் சட்டை, கக்கத்தில் ஃபைல்.

"மேடம், சந்தனம் காஞ்சு ஒட்டிக்கிச்சு, அதான் படிக்கல. குடுங்க, தொடச்சுத் தர்றேன்."

கைக்குட்டையால் பதமாகத் துடைத்தான். அவனே மெஷினில் போட்டான். "நம்பர் போடுங்க, நான் பாக்கல" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளை என்று ரமாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. நிறைந்த மனதோடு நாலு எண்ணையும் அமுக்கினாள். இருபது வருஷப் பழக்கம், வாயும் கூடவே சொன்னது. "ஒண்ணு. ஒம்போது. எட்டு. ரெண்டு." அம்மு பிறந்த வருஷம். அவன் பார்க்கவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

அவன் கை குறுக்கே வந்து எதையோ அமுக்கியது. "பணம் தீந்துபோச்சு போல மேடம். ஸ்டேஷன் பக்கம் போய்ப் பாருங்க" என்று நீலக் கார்டை எடுத்துக் கையில் கொடுத்தான். "நல்லா இருப்பா" என்று வாழ்த்திவிட்டு வந்தாள் ரமா. ஸ்டேஷன் பக்கம் போகக் கால் வலித்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில், அழிந்துபோன பொட்டைத் திரும்ப வைக்கலாமென்று கார்டை எடுத்தாள். அதே பேங்க், அதே நீலம். பெயர் மட்டும் எல்லப்பன் என்று இருந்தது.

முதலில், தெரியாமல் மாறிவிட்டது, அவன் பெயர்தான் எல்லப்பன், தேடிக்கொண்டு வந்துவிடுவான் என்று நினைத்தாள். பிறகு தன் வாய் நினைவுக்கு வந்தது. பேங்க் மூடியாகிவிட்டது, இனி திங்கட்கிழமைதான். யாரைக் கேட்பது? கணவனிடம் சொன்னால் அடுத்த நிமிஷம் தம்பிக்குப் போன் போடுவான். தம்பி பக்கத்தில் சுப்ரஜா இருப்பாள். "ஐயோ, நான் வர்றேன்னேனே அக்கா" என்பாள். திட்ட மாட்டாள், பரிதாபப்படுவாள். அந்தப் பரிதாபத்தை நினைத்ததுமே ரமா வாயை இறுக மூடிக்கொண்டாள். பணம் போனாலும் போகட்டும், அவளிடம் மட்டும் போய் நிற்கக்கூடாது. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சுப்ரஜாவும் பக்தவத்சலமும் சாப்பிட வந்தார்கள். ரமா வடை தட்டினாள், பாயசம் வைத்தாள். சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது.

"அக்கா, ஆரம் எடுத்தாச்சா?" என்றாள் சுப்ரஜா.

"சொல்லி வெச்சிருக்கேன்."

"கார்டு நல்லா வேலை செய்யுதா? எதுனா கஷ்டமா இருந்தா சொல்லுங்க."

"அதுக்கு இன்னா கஷ்டம்?" என்றாள் ரமா. எல்லப்பனின் கார்டு அவள் இடுப்புச் செருகலில் குத்திக்கொண்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு இதற்கு வழி தெரியும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். சுப்ரஜா கட்டியிருந்த புடவை கார்டில் வாங்கியதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

திங்கட்கிழமை பேங்க் திறந்ததும் எல்லப்பன் கார்டோடு போய் நின்றாள். கவுன்ட்டரில் இருந்த செங்கல்வராயன் பாஸ்புக்கை மெஷினில் கொடுத்து வாங்கிப் பார்த்தார். சனி பதினைந்தாயிரம், ஞாயிறு பதினைந்தாயிரம், அன்று காலையில் பதினைந்தாயிரம்.

"ஒரு நாளைக்கு அவ்ளோதாம்மா எடுக்க முடியும். அதான் மூணு நாளா எடுத்துருக்கான். எல்லப்பன் போன வாரம் இதே மாதிரி வந்தாரு. அவரு கையில வேண்டாங்கிற பேர்ல ஒரு அம்மாவோட கார்டு இருந்துச்சு. உங்க கார்டை இந்நேரம் யார் தலையில கட்டிட்டானோ."

"திரும்ப வருமா சார்?"

"நம்பர் போட்டு எடுத்த பணம்மா. நீங்க குடுத்த மாதிரிதான் கணக்கு." அவர் எல்லப்பனின் கார்டைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு போன் நம்பர். "ராவு பகல், ஞாயித்துக்கிழமைன்னு எதுவும் கிடையாது. இதுக்கு அடிச்சு நிறுத்தச் சொன்னா அடுத்த நிமிஷம் நிறுத்திடுவாங்க. சனிக்கிழமையே அடிச்சிருந்தா ஒரு நாள் பணத்தோட போயிருக்கும்."

இரண்டு நாளாக அந்த நம்பர் அவள் இடுப்பிலேயே இருந்திருக்கிறது. ஒரு நாள் பணத்தைத் திருடன் எடுத்தான், மீதி இரண்டு நாள் பணத்தைத் தன் பொறாமை எடுத்துக் கொடுத்தது என்று கணக்கு டீச்சருக்குப் புரிந்தது. பேங்க் படியில் உட்கார்ந்து அழுதாள்.

வேதாந்தம் வழக்கம்போலத் தம்பிக்குப் போன் போட்டான். சாயங்காலம் ஆபீசிலிருந்து நேராக சுப்ரஜா வந்து நின்றாள். போலீசில் கொடுக்க ஆங்கிலத்தில் ஒரு புகார் எழுதினாள். நேற்றே சொல்லியிருக்கலாமே என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. வருமென்று காத்திருந்து காத்திருந்து ரமாவுக்கே அலுத்துவிட்டது.

எழுதி முடித்துவிட்டு சுப்ரஜா மெதுவாகச் சொன்னாள். "போன வருஷம் எனக்கும் போச்சுக்கா. கடற்கரை ரோட்ல ஒரு பெட்ரோல் பங்க்ல கார்டை ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போனான். காப்பி எடுத்துட்டாங்க. நான் பாத்தே இல்லாத ஊர்ல எவனோ என் கார்டுல டிவி வாங்கியிருக்கான். அறுபதாயிரம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சிரிப்பீங்கன்னு பயமா இருந்துச்சு."

சிரித்திருப்பாள்தான். சாரதாம்பாள் வீடு வரைக்கும் போய்ச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள். ரமாவால் ஓரகத்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அப்புறம் இன்னா ஆச்சு?"

"கையெழுத்து என்னுது இல்லன்னு எழுதிக் குடுத்தேன். மூணு மாசத்துல பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

அங்கேயும் அவளுக்கே அதிர்ஷ்டம். திருட்டுக் கொடுத்தால்கூட இவளுக்குத் திரும்ப வருகிறது என்று ரமாவுக்கு ஒரு கணம் பழையபடி எரிந்தது. எரிகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

நிச்சயதார்த்தத்துக்கு எட்டு நாள்தான் இருந்தது. புதன்கிழமை பஜார் தெரு நகைக்கடையில் ரமா, அம்மு, சுப்ரஜா மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வரவேண்டும் என்று கூப்பிட்டது ரமாதான். அந்த ஒரு போன் செய்ய அவளுக்கு முழு நாள் பிடித்தது. ஆரத்தை அம்மு கழுத்தில் வைத்துப் பார்த்தாள், அழகாகத்தான் இருந்தது. சுப்ரஜா கைப்பையைத் திறந்து கார்டை எடுத்து நீட்டினாள். அக்கா முன்னால் அதை நீட்ட அவளுக்கே கூச்சம், அவசரமாகக் கடைக்காரன் கையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

"மெஷினு மாடில கீதும்மா. போட்டுகினு வந்துர்றேன்" என்று அவன் கார்டோடு எழுந்தான்.

"நில்லுப்பா" என்றாள் ரமா. வகுப்பையே அடக்குகிற குரல். "கார்டு தனியா எங்கயும் போகாது. நாங்களும் வர்றோம்."

"குறுகலான படிம்மா, உங்களுக்குக் கஷ்டம்."

"இருக்கட்டும்."

முட்டி வலியோடு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னாலேயே ஏறினாள், அவள் பின்னால் சுப்ரஜா. மெஷின் சீட்டைத் துப்பும் வரை, சுப்ரஜா கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரை ரமா கண்ணை எடுக்கவில்லை. கார்டை அவளே வாங்கினாள். பெயரைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சுப்ரஜாவின் கையில் கொடுத்தாள்.

கடைக்காரனுக்குக் குழப்பம். "கார்டு யாருதும்மா, உங்களுதா?"

"எங்க வூட்டுது" என்றாள் ரமா. அதைச் சொல்லும்போதும் வயிறு எரியத்தான் செய்தது.