பத்துக்கு மூன்றரை

எங்கள் பள்ளிக்கூடத்தில் எச்.எம்முக்கே மார்க் போட்ட ஒரே ஆள் அரை மார்க் டீச்சர்தான். வீரத்தில் போட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அவரைப் போல பயந்த பிறவியை நான் பார்த்ததில்லை.

கணக்கு டீச்சர். இருபத்தாறு வருட சர்வீஸ். பிள்ளைகள் வைத்த பெயர்தான் அரை மார்க். விடை சரியாக இருந்து அடிக்கோடு இல்லாவிட்டால் அரை கழிப்பார்; விடை தப்பாகப் போனாலும் முதல் படி சரியென்றால் அரை போடுவார். திருத்தி முடித்ததும் மேல் மூலையில் ஒரு வட்டம், அதற்குள் மார்க், கீழே சின்னக் கையெழுத்து, தேதி. அதற்கப்புறம் அழுது புரண்டாலும் மார்க் மாறாது. நான் ஓவிய வாத்தியார். ஆசிரியர் அறையில் அவருக்கு எதிர் நாற்காலி என்னுடையது.

கூட்டத்தில் அவர் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை. முதன்முதலில் வேலை பார்த்த பள்ளியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம், அறுபத்தைந்து பிள்ளைகளை ஒரே அறையில் எங்கே உட்கார வைப்பது என்று. வருடக் கடைசியில் எல்லோருக்கும் மறு நியமனக் கடிதம் வந்தது, அவருக்கு வரவில்லை. எங்கள் பள்ளியிலும் அதே ஏற்பாடுதான். கடிதம் வந்தால் வேலை, வராவிட்டால் வீடு. ஆபீஸிலிருந்து ஆள் வந்தாலே டீச்சருக்குக் கை சில்லிட்டுப் போகும்.

இப்படிப்பட்டவர் கண்முன்னால்தான் அது நடந்தது. இடைவேளை நேரம். ஆசிரியர் அறைக்கு எதிர் வகுப்பில் அறிவியல் சாரும், நோட்டைக் காட்ட வந்த ஒரு ஏழாம் வகுப்புப் பெண்ணும் மட்டும். ஜன்னல் கதவு கீலோடு பெயர்ந்து அந்தப் பெண்ணின் பின்மண்டையில் விழுந்தது. நான்கு தையல். அந்த ஜன்னலைப் பற்றி மூன்று முறை ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. அன்று சாயங்காலத்துக்குள் தச்சர் வந்து புதுக் கீல் மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் எச்.எம். பெற்றோரிடம் சொன்னது வேறு கதை: சார் கோபத்தில் பிள்ளையைத் தள்ளிவிட்டார். எது அடித்தது என்று பிள்ளைக்கே தெரியவில்லை. அறிவியல் சாரைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். ஜன்னல் விழுந்ததை ஆசிரியர் அறை வாசலில் நின்று டீச்சர் பார்த்தார். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த நானும் பார்த்தேன். இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

பத்து நாள் கழித்து கல்வி அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஒரு அதிகாரியம்மா வந்தார். காலையில் எல்லோருக்கும் ஒரு படிவம். நிர்வாகத்தைப் பற்றிப் பத்துக் கேள்விகள், கடைசியில் ‘அன்று நடந்தது பற்றி உங்களுக்குத் தெரிந்தது’. பெயர் எழுத வேண்டாம், தைரியமாக எழுதுங்கள் என்றார்கள். பெட்டியில் போட வேண்டும், மூன்று மணிக்குத் திறப்பார்கள்.

சாப்பாட்டு மணிக்கு முன்னால் டீச்சர் யூனிட் டெஸ்ட் தாள்களைத் திருத்த உட்கார்ந்தார். முதல் தாளை முடித்து, வட்டம் போட்டு, கையெழுத்துப் போட்டவர் அப்படியே உறைந்துபோனார். முகத்தில் ரத்தம் இல்லை.

“சார், அந்தப் படிவத்துலயும் போட்டுட்டேன்.”

“என்னத்த?”

“மார்க்கு. பத்துக்கு மூன்றரை. வட்டம் போட்டு, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுட்டேன் சார்!”

சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. ஜன்னல் விஷயத்தையும் எழுதினீங்களா என்று கேட்டேன். ஒன்று விடாமல் எழுதியிருந்தார்.

தட்டுத்தடுமாறி ஆபீஸுக்கு ஓடினார். பெட்டி எச்.எம். மேஜையிலேயே, பூட்டுக்கு மேல் காகிதம் ஒட்டி இருந்தது. “என்ன டீச்சர்?” என்று எச்.எம். நிமிர்ந்திருக்கிறார். “சாக்பீஸ் வேணும் சார்” என்று வாயில் வந்ததைச் சொல்லி, ஒரு டப்பா சாக்பீஸோடு திரும்பி வந்தார். அதற்குள் விஷயம் அறை முழுக்கப் பரவிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை. சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, நானும் நாற்காலியை ஜன்னல் ஓரம் இழுத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு எல்லோரையும் நூலக அறைக்குக் கூப்பிட்டார்கள். கடைசி பெஞ்சில் அறிவியல் சார், யாரையும் பார்க்காமல். அதிகாரியம்மா இருபத்து மூன்று தாள்களையும் படித்துவிட்டு இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் இருபத்திரண்டு, இன்னொரு பக்கம் ஒன்று.

“எட்டுப் பேர் ஜன்னல் ஆடிட்டு இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. பேர் இல்லாத காகிதத்த வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது. இது ஒண்ணுலதான் கையெழுத்து இருக்கு. யாரோடது?”

எச்.எம். முந்திக்கொண்டார். அவ்வளவு கனிவான குரலை அவரிடம் நான் கேட்டதில்லை. “மேடம், எங்க கணக்கு டீச்சரோடது. பழக்கத்துல போட்டிருப்பாங்க. டீச்சர், தெரியாம போட்டதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதையும் மத்ததோட சேர்த்துடலாம். உங்களுக்கு எதுக்கு வம்பு?”

டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“தெரியாமத்தான் சார் போட்டேன்.”

எச்.எம். சிரித்தார். எனக்கே அப்பாடா என்று இருந்தது.

“ஆனா போட்ட மார்க்க மாத்துற பழக்கம் எனக்கு இல்ல சார்.” குரல் பாதியில் உடைந்தது. “அந்த ஜன்னல் விழுந்தத நான் பார்த்தேன். அறிவியல் சார் அந்தப் பிள்ளையத் தொடக்கூட இல்ல.”

உட்கார்ந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அறிவியல் சார் அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

“பார்த்தவங்க வேற யாராவது இருக்கீங்களா?” என்று கேட்டபடி அதிகாரியம்மா மற்ற தாள்களிலிருந்து ஒன்றை உருவித் தூக்கிக் காட்டினார். “இதுல ஒருத்தர் படமே வரைஞ்சிருக்கார். கீல், கதவு, குனிஞ்சு நிக்கிற பொண்ணு, எல்லாம் இருக்கு. நேர்ல பார்க்காம இப்படி வரைய முடியாது.”

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார் நான் ஒருத்தன்தான். அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. டீச்சர் மட்டும் திரும்பவில்லை. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை.

அறிவியல் சார் மறுவாரமே வகுப்புக்கு வந்துவிட்டார். வருடக் கடைசியில் எல்லோருக்கும் கடிதம் வந்தது, எனக்கும்தான். டீச்சருக்கு வரவில்லை.

போகிற அன்று சிவப்புப் பேனாக்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிப் பையில் வைத்தார். எதிரில் நான் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரே முந்திக்கொண்டார்.

“படம் நல்லாத்தான் சார் இருந்துச்சு. அரை மார்க் போடலாம்.”

மீதி அரையை எதற்குக் கழித்தார் என்று நான் கேட்கவில்லை.