வெட்டிய பந்தி

கல்யாண வீடியோ மூன்று மணி நேரம் ஓடினால் எடுத்த எனக்கே கொட்டாவி வருகிறது. அதனால் இந்த முறை இரண்டு வி.சி.ஆர்களை இணைத்து, திரும்பத் திரும்ப வருவதையெல்லாம் வெட்டி, வேறொரு கேசட்டில் ஒரு மணி நேரமாகச் சுருக்கினேன்.

இன்று திருப்புலிவனத்தில், பெண் வீட்டுக் கூடத்தில் போட்டுக் காட்டினேன்.

"சினிமா மாரி கீது தம்பி," என்றார் பெண்ணின் அப்பா. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லோரும் எழுந்து போனார்கள். அவர்கள் நிலத்தில் நாற்று நடும் கன்னியம்மா மட்டும் சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"நாங்க கடைசிப் பந்தில துன்னமே, அது எப்ப சார் வரும்?"

"எல்லாப் பந்தியும் ஒரே மாரி இருந்திச்சிம்மா. மொத பந்திய வெச்சிக்கினு மீதிய வெட்டிட்டேன்."

"ஒரே மாரி இன்னா சார்? மொத பந்தில நாங்க இல்லியே."

அசல் கேசட்டில் நேற்றே வேறொரு கல்யாணத்தைப் பிடித்துவிட்டேன். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. கடைக்கு வந்ததிலிருந்து, கடைசியில் கொஞ்சமாவது அழியாமல் இருக்குமோ என்று முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருக்கிறேன். வருவதெல்லாம் நேற்றைய வீட்டு முதல் பந்திதான்.

நாளைக்கும் ஒரு முகூர்த்தம் இருக்கிறது. எந்தப் பந்தியில் கேமராவைத் திறக்கட்டும், சொல்லுங்கள்.