எல்லை மூடிய வாரத்தில் தோண்டிமலைக்கு

போடிநாயக்கனூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஜீப்புகள் வரிசையாக நிற்கும் இடத்தில் அன்று காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு ஜீப்புதான் நின்றது. மற்ற நாட்களில் அந்நேரத்துக்குள் எத்தனையோ ஜீப்புகள் ஏலத்தோட்டத்து வேலையாட்களை அடைத்துக்கொண்டு, மலை உச்சியில் கேரள எல்லையிலுள்ள போடிமெட்டுக்கு ஏறியிருக்கும். இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே தண்ணீர்த் தகராறு முற்றி, மலையின் இரண்டு பக்கமும் வண்டிகள் மீது கல் விழத் தொடங்கி அது ஐந்தாவது நாள்.

நான் போடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். என் அக்கா ராஜாத்தி தோண்டிமலையில் ஒரு ஏலத்தோட்டத்தில் வேலை செய்கிறாள். மாமா இறந்த பிறகும் கீழே இறங்காமல் தோட்டத்து லயத்தில், வேலையாட்களுக்குக் கட்டிக்கொடுத்த அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறாள். சர்க்கரை நோய்க்குக் காலையும் இரவும் இன்சுலின் ஊசி. மாதாமாதம் நான் வாங்கி ஜீப்பில் கொடுத்துவிடுவேன். அந்த மாதம் ஜீப்பு போகவில்லை.

முந்தின நாள் மத்தியானம் அக்கா போனில் பேசினாள். “மருந்து முடிஞ்சு ரெண்டு நாளாச்சு தம்பி. கால் வெரல்ல ஒரு புண்ணு வேற. நீ ஒண்ணும் வந்துறாத, ரோடு சரியில்ல.”

வராதே என்று அவள் சொன்ன விதத்திலேயே போக முடிவு செய்துவிட்டேன்.

இப்படிப்பட்ட நேரத்தில் பயணம் போக நேர்கிறவர்களுக்கு உதவலாம் என்பதால் என்ன கொண்டுபோனேன் என்று சொல்லிவிடுகிறேன். பிளாஸ்கின் அடியில் ஐஸ் துண்டுகள், அதன் மேல் மடித்த துணி, துணிக்கு மேல் இரண்டு பாட்டில் இன்சுலின். ஐஸ் நேராகப் பட்டு உறைந்துவிட்டால் மருந்து கெட்டுப்போகும். ஊசிகள், சர்க்கரை பார்க்கும் மெஷின், புண் கட்டும் துணி, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நான்கு. டாக்டர் சீட்டின் நகல் சட்டைப்பையில், அசல் பைக்குள். போன் அணைந்துபோனால் தேவைப்படும் என்று நான்கு நம்பர்களைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். கடை முதலாளி இரண்டே வார்த்தைதான் சொன்னார். “வெளிச்சத்துல போயிட்டு வெளிச்சத்துல வந்துரு. கூட்டம் நின்னா ஓடாத, நில்லு.”

ஜீப்புக்காரர் செல்வம் அண்ணன் வழக்கமாக ஆளுக்கு நூறு ரூபாய் வாங்குவார். அன்று இருநூறு. “மெட்டு வரைக்கும்தான் வருவேன். அதுக்கு மேல நடராஜா சர்வீசுதான்,” என்றார். போடியிலிருந்து மெட்டுக்கு இருபத்தாறு கிலோமீட்டர், பதினேழு கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்து முந்தலைத் தாண்டிய பிறகு எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. ஆட்கள்தான் வந்தார்கள். பதினோராவது வளைவில் தலையில் மூட்டையோடு பெண்கள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வண்டியை நிறுத்தி, “மேல எப்படித்தா இருக்கு?” என்று கேட்டார். ஒருத்தி நிற்காமலே கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

ஏழே முக்காலுக்குப் போடிமெட்டு. சாலையின் குறுக்கே தடுப்புகள். போலீஸ்காரர் ஒருவர் என் ஆதார் அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதிக்கொண்டார். “நடந்து போகலாம். ஆனா சாயங்காலம் ரெண்டு பக்கமும் ஊர்வலம் இருக்கு. மூணு மணிக்கு மேல ரோட்டுல நடக்காதீங்க,” என்றார். எல்லையைத் தாண்டி நடந்தேன். தோண்டிமலைக்கு ஆறு கிலோமீட்டர். மூடிய கடைகள், பனி, இரண்டு பக்கமும் ஏலச்செடி. நூறு தடவை வந்த பாதைதான். அன்று என் செருப்புச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

ஒன்பது மணி இருக்கும். ஒரு வளைவில் ஏழெட்டுப் பேர் சாலையில் கல்லை அடுக்கி உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி சொன்னதுபோல் நின்றேன்.

“எவிடே போகுந்நு?” என்றார் ஒருவர்.

“தோண்டிமலைக்கு. அக்காவுக்கு மருந்து கொண்டுபோறேன்,” என்று தமிழிலேயே சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை, தைரியத்தால் இல்லை, வாயில் வேறு எதுவும் வரவில்லை. பையை மெதுவாகத் திறந்து காட்டினேன். நடுவயதுக்காரர் ஒருவர் பிளாஸ்கை வாங்கி உள்ளே பார்த்தார்.

“இன்சுலினா? எத்தர யூனிட்?”

“காலையில இருபது. ராத்திரி பன்னெண்டு.”

“என்ட அம்மைக்குப் பதினெட்டு,” என்றார். மூடியைத் திருகிக் கையில் கொடுத்தார். “போய்க்கோ. ரோட்டில் நிக்கண்டா,” என்று வழிவிட்டார்.

ஒன்பதே முக்காலுக்கு லயத்துக்குப் போனால் எல்லா வீடுகளும் பூட்டிக்கிடந்தன. பக்கத்துத் தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து குழந்தை அழும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டிப் பெயரைச் சொன்னதும் திறந்தார்கள். லயத்தில் மிஞ்சியிருந்த இருபது பேரும் அங்கேதான் இருந்தார்கள். அது ஜோஸ் என்பவரின் ஸ்டோர். அவர் இரண்டு ஏக்கர் ஏலம் வைத்திருக்கும் மலையாளி. லயத்துப் பக்கம் கல் விழுந்த அன்று அவரே வந்து எல்லோரையும் அழைத்துப்போய் அங்கே வைத்துப் பூட்டிக்கொண்டாராம். மூன்று நாளாக அவர் மனைவி லிசி இருபது பேருக்கும் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

அக்கா சாக்கின் மேல் படுத்திருந்தாள். உடம்பு கொதித்தது. வலது கால் பெருவிரலில் புண், சிவப்பு கணுக்கால்வரை ஏறியிருந்தது. மெஷினில் இருநூற்று அறுபத்தெட்டு காட்டியது. போடி டாக்டருக்குப் போன் செய்தேன். “வழக்கமான ஊசியைப் போட்டு, சாப்பிட வச்சு, இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. அந்தக் காலை வச்சுக்கிட்டு அங்க இருக்கக் கூடாது,” என்றார்.

ஊசி போட்டேன். லிசி தட்டில் கஞ்சி ஊற்றி வைத்தார். அதற்குள் இன்னொருத்தி வந்து, குழந்தைக்கு நேற்றிலிருந்து வயிற்றோட்டம் என்றாள். அத்தனை பேருக்கும் ஓடைத் தண்ணீர்தான். நான்கு பொட்டலத்தையும் அவளிடம் கொடுத்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் எப்படிக் கரைப்பது, எவ்வளவு கொடுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது தட்டு ஓரமாக இருந்தது.

“சாப்ட்டியாக்கா?”

“சாப்ட்டேன், சாப்ட்டேன். வெரசா கெளம்பு.”

நான் தட்டைப் பார்க்கவில்லை.

ரோட்டில் போக வேண்டாம் என்றார் ஜோஸ். தோட்டங்களுக்குள்ளாகவே நடந்து மெட்டின் ஓரமாகச் சென்றால், முந்தலுக்கு இறங்கும் பழைய ஒற்றையடிப் பாதை வரும். “ஞான் அதுவரைக்கும் கூட வரும். பேடிக்கண்டா,” என்று தைரியம் சொன்னார். லயத்துக்காரர் கருப்பசாமியும் கிளம்பினார். அவர் மனைவி ஏற்கெனவே போடிக்குப் போய்விட்டிருந்தாள். புறப்படும்போது லிசி ஒரு சின்ன முடிச்சை ஜோஸின் கையில் கொடுத்தார். தேயிலையும் வெல்லமும், வழியில் டீ போட்டுக்கொள்ள.

பதினொன்றே காலுக்குப் புறப்பட்டோம். அக்கா கம்பை ஊன்றி நடந்தாள். தூக்குகிறோம் என்றால் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் அப்படியே நடந்தாள். ஒற்றையடிப் பாதையின் தொடக்கத்தில் ஜோஸ் நின்று, “இனி நேரே இறங்கியால் மதி, போதும்,” என்று விடைபெறத் திரும்பினார். அக்கா அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. முகமெல்லாம் வேர்வை. கம்பு கையிலிருந்து நழுவியது.

“அக்கா, என்ன செய்யுது?”

“யாருப்பா நீ?” என்றாள் என்னைப் பார்த்து.

விரலைக் குத்திப் பார்த்தேன். ஐம்பத்து நான்கு. அவள் கஞ்சியைத் தொடவே இல்லை. தன் பங்கை அந்தக் குழந்தையின் தாய்க்கு நகர்த்தி வைத்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும் என்று கவுண்டரில் நின்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் அக்காவின் தட்டை நான் பார்க்கவில்லை. கரைசல் பொட்டலத்தில் ஒன்றையாவது வைத்துக்கொண்டேனா, அதுவும் இல்லை. பையைக் கவிழ்த்துப் பார்த்தேன், இனிப்பாக எதுவும் இல்லை. ஜோஸ் அந்த முடிச்சை அவிழ்த்து வெல்லத்தைப் பல்லால் கடித்து உடைத்தார். தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். விழுங்கினாள். கால் மணி நேரம் கழித்து எண் எண்பதைத் தாண்டியது. அக்கா என்னைப் பார்த்து, “ஏன்டா அழுவுற?” என்றாள்.

அதற்குப் பிறகு அவளால் நடக்க முடியவில்லை. ஒரு கம்பை வெட்டி, கம்பளியைத் தூளியாகக் கட்டினோம். செங்குத்தான பாதை, ஏழு கிலோமீட்டர். இரண்டு பேர் தூக்க, ஒருவர் தோள் ஆற வேண்டும். அதற்கு மூன்று பேர் வேண்டும். ஜோஸ் முன் நுனியைத் தோளில் வைத்தார். அந்தப் பாதை எங்கே போய் முடியும், அங்கே யார் நிற்பார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் இறங்கினோம். ஓரிடத்தில் ஈரம் காயாத யானைச் சாணி கிடந்தது, அங்கே அரை மணி நேரம் அசையாமல் இருந்தோம். ஐந்தரைக்கு முந்தல் தெரிந்தது. சாலையில் பெரிய கூட்டம். கருப்பசாமி ஜோஸிடம், “அண்ணே, நீங்க இங்கனயே நில்லுங்க. நாங்க ரெண்டு பேரும் தூக்கிட்டுப் போயிர்றோம்,” என்றார். ஆனால் கூட்டத்திலிருந்து நான்கைந்து பேர் எங்களைப் பார்த்து ஓடிவந்துவிட்டார்கள்.

மேலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குத் தண்ணீரும் சோறும் கொடுக்கத்தான் அவர்கள் நின்றார்கள். கையில் கம்பும் இருந்தது. முன்னால் வந்தவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். “அடிச்சாய்ங்களாண்ணே? எந்தத் தோட்டம்?” என்று ஜோஸைத்தான் கேட்டான். ஜோஸ் அவனைப் பார்த்தபடி நின்றார். அவன் மறுபடி கேட்டான். குரல் மாறியது. “யாருய்யா இவரு? வாயத் தொறக்க மாட்டேங்குறாரு?”

தூளியிலிருந்து அக்கா தலையைத் தூக்கினாள். “எங்கண்ணே. மெட்டுல இருந்து என்னயச் சொமந்துட்டு வர்றாரு. மொதல்ல தண்ணியக் கொண்டாப்பு, பெறகு கேளு.”

அவன் செம்பை வாங்கி ஜோஸின் கைகளில் ஊற்றினான். ஜோஸ் குனிந்து குடித்தார், வெகுநேரம் குடித்தார். போதும் என்கிறபோது, களைப்பில் தன்னையறியாமல், “மதி,” என்றார்.

ஒரே சொல். ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது. அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவன் ஜோஸின் தோளைப் பார்த்தான். சட்டை கிழிந்து, கம்பு உராய்ந்த இடத்தில் தோல் வழன்று கிடந்தது.

“இருட்டிரும்ணே,” என்றான் தணிந்த குரலில். “காட்டுல யானை நிக்குது. நம்ம வீட்டுல படுத்துட்டுக் காலையில ஏறுங்க.” பிறகு பின்னால் திரும்பி, சத்தமாக, “நம்ம ஆளுதான்ப்பா. வண்டியக் கொண்டா, அக்காவ ஆசுபத்திரிக்கு ஏத்தணும்!” என்றான்.

வண்டி கிளம்பும்போது ஜோஸ் அவனோடு தெருவுக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தார். அவரை அப்படி விட்டுவிட்டு வந்தது சரியா என்று இரவு முழுவதும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். போன் செய்யவும் பயம். மணி அடித்து, அவர் எடுத்து, மலையாளத்தில் பேசிவிட்டால்?

மறுநாள் காலை ஒன்பதே காலுக்கு அவரே கூப்பிட்டார். “மேலே எத்தி, வீட்டில் உண்டு. அவன் பாதி வழி வரைக்கும் கூட வந்தான். ராஜாத்திக்குச் சுகர் எத்தர?”

அக்காவின் பெருவிரலை எடுக்க வேண்டியிருந்தது. கால் தப்பியது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார் டாக்டர். காயம் ஆறியபோது பாதையும் திறந்திருந்தது. போடியிலேயே இருந்துவிடு என்றேன். “சோலி அங்கதான் கெடக்கு,” என்று சொல்லிவிட்டு ஜீப்பு ஏறினாள். துணைக்கு நானும் போனேன். கல் அடுக்கியிருந்த வளைவில் ஒருவன் பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தான்.

போடியில் பிறந்து வளர்ந்தவன் நான். முந்தலில் நின்ற கூட்டத்தில் எங்கள் கடைக்கு வந்து போகும் முகங்களும் இருந்தன. அன்று மேலே வளைவில் நின்றபோது பயந்ததைவிட முந்தலில்தான் அதிகம் பயந்தேன். இதை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

அக்காவை விட்டுவிட்டுத் தோண்டிமலையிலிருந்து இறங்கும் முன் ஜோஸிடம் அந்த இளைஞனின் பெயரைக் கேட்டேன். ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்றேன்.

“பேரு எனக்குத் தெரியும்,” என்றார் ஜோஸ், ஏலக்காயை அள்ளிக்கொண்டே. “பக்ஷே ஞான் பறையில்ல, சொல்ல மாட்டேன். அவன்ட ஆளுகள் அறிஞ்ஞால் அவனுக்குக் கொழப்பம். கொறச்சு காலம் கழியட்டே.”

வருடங்கள் ஓடிவிட்டன. ஜோஸ் இன்னும் சொல்லவில்லை. நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.