அலையடியில் முதல் ஆள்

குளச்சல் கடற்கரையில் கரமடி வலையைக் கரைக்கு இழுக்கும்போது, கயிற்றைப் பிடித்து முட்டளவு அலையில் நிற்பவன்தான் முதல் ஆள். வெகுகாலமாக அந்த இடம் ஜான்ரோஸுடையது. இடுப்புப் பட்டையைக் கயிற்றில் கொளுவிப் பின்னால் சாய்ந்தாரென்றால், அவரை அசைக்க எந்த அலையாலும் ஆகாது.

அறுபதை நெருங்கியதும் கால் முன்போல ஊன்றவில்லை. அதற்கு அவர் கண்டுபிடித்த வைத்தியத்தைக் கேளுங்கள்: உடம்பில் பாரம் ஏற்றினால் நங்கூரம் மாதிரி நிற்கலாமாம்! கடல் கொந்தளித்து மடி இறங்காத மாதங்களில், மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் வெட்டு வெட்டென்று வெட்டினார். மனைவி ராகேல் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

மறுபடி மடி இறக்கிய அன்று அவருடைய பட்டை வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. இரவல் பட்டையோடு நின்றார். முதல் அலைக்கே முட்டு மடங்கி உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. மடிக்கு உடையவன் மிக்கேலடிமை மரியாதையாகத்தான் சொன்னான்.

"அண்ணே, நீரு கரையில இருந்து கயிறு சுருட்டும்."

ஜான்ரோஸுக்கு உயிரே போய்விட்டது. மறுநாள் விடிந்ததும் ராகேலின் குடத்தைப் பிடுங்கிக்கொண்டு கிணற்றுக்குப் போனார். பெண்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். கால் புதையும் மணலில் தினமும் நிறைகுடத்தோடு நடந்து முட்டுக்கு வலு ஏற்றினார். தட்டில் மரச்சீனி பாதியாயிற்று, மீன் கூடிற்று. சில மாதம் கழித்து ஒரு நாள், தரையிலிருந்து கை ஊன்றாமலே எழுந்துவிட்டார். நம்ப முடியவில்லை. மறுபடி உட்கார்ந்து எழுந்தார்.

"ஏட்டி, பாத்தியா?"

"பாத்தாச்சு. இன்னும் எத்தன மட்டம்தான் இருந்து எந்திரிப்பீரு?" என்றாள் ராகேல். அவளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு வந்தது அந்தக் காலை. சாளை மீன் கூட்டத்தால் கடலே கறுத்துக் கிடந்தது. மடி நிறைந்து கனத்தபோது நீரோட்டம் திரும்பியது. அலையடியில் அவர் இடத்தில் நின்ற இளவட்டத்தைக் கடல் புரட்டிப் போட்டது. பின்னால் நின்றவர்களும் சரிய, கயிறு கடலுக்குள் ஓடத் தொடங்கிற்று.

ஜான்ரோஸ் சுருட்டிய கயிற்றை வீசிவிட்டு ஓடினார். பழையபடி இடுப்புக்கு எட்டிய தன் பட்டையைக் கொளுவினார், சாய்ந்தார். அலை நெஞ்சில் மோதியது. கால் நின்றது! ஆமாம், நின்றது!

"எந்திச்சு இழுங்கலே!"

எல்லாரும் எழுந்து பிடித்தார்கள். துள்ளத் துடிக்க மடி கரையேறியது.

மிக்கேலடிமை இரைக்க இரைக்க அவர் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணே, நாளைக்கு வெள்ளென வந்திரும். ஒம்ம எடத்துல இனி வேற ஆள நிறுத்த மாட்டேன்."

பதில் சொல்ல வாயெடுத்தார் ஜான்ரோஸ். அழுகை முந்திக்கொண்டது.