பெரியவனிடம் வாங்கிச் சின்னவனுக்கு

“ஏந்திரி, ஏந்திரி” என்று நாற்காலியின் முதுகைத் தட்டித்தான் வரதன் எந்த வேலையையும் தொடங்குவார். உட்கார்ந்திருப்பவர் மேனேஜராக இருந்தாலும் அதே தட்டுதான். ஆள் எழுந்ததும் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைப்பார். எழுந்தவர் முகம் போகும் போக்கைக் கவனிக்கவே மாட்டார். பிறகு சாவகாசமாக அமர்ந்து, மவுஸை இப்படியும் அப்படியும் ஆட்டி, “இன்னா பேஜாரு பண்ணி வச்சிகிற?” என்று கேட்பார். கேள்வி கம்ப்யூட்டருக்கா நமக்கா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி தயாரிக்கும் எங்கள் ஆலையில் அவர்தான் சிஸ்டம்காரர். கவரைப்பேட்டையிலிருந்து ரயிலில் வருகிறார். நாஷ்டாவும் ரயிலிலேயே முடிந்துவிடும். ஆபீசிலுள்ள எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே வைத்தியர் என்பதால் நடையிலேயே ஒரு மிடுக்கு. டெஸ்பாட்ச் மேசைக்காரன் நான், அவருக்குப் பக்கத்து இருக்கை. அந்த மிடுக்கை நாள் முழுக்கத் தாங்கவேண்டிய தலையெழுத்து என்னுடையது.

புரோகிராம்களை அவர் பேர் சொல்லி அழைப்பதில்லை. இணையத்தைத் திறந்து பார்க்கும் பிரவுசர் ‘பெரியவன்’. படம், பாட்டு என்று எதையும் இறக்கித் தரும் டவுன்லோடர் ‘சின்னவன்’. நாம் பாஸ்வேர்டு போட்டு ஒரு தளத்துக்குள் போனால், இவர் தெரிந்த ஆள்தான் என்று அந்தத் தளம் பெரியவனிடம் ஒரு சின்ன அடையாளத்தைக் கொடுத்துவைக்கும். ஊரெல்லாம் அதைக் குக்கீ என்கிறது. வரதன் வாயில் அது பிஸ்கோத்து. அது கையில் இல்லாமல் சின்னவன் போனால் வாசலிலேயே மறித்துவிடுவார்கள்.

“ஒரே ஊட்ல ரெண்டு பசங்கோ. பெரியவன் மட்டும் துன்னுகினு இருந்தா சின்னவன் இன்னா பண்ணுவான்? இவன் கைல கீறத அவன் கைலயும் குடு. அவ்ளோதான் மேட்டரு.”

இந்தப் பிரசங்கத்தை ஆடிட்டரும் கேட்டிருக்கிறார், தண்ணீர் கேன் போடும் அரசப்பனும் கேட்டிருக்கிறார். ஆடிட்டர் புரிந்ததுபோல் தலையாட்டி வைத்தார். அரசப்பன்தான், “அப்ப யார் பிஸ்கோத்த சுட்டாலும் உள்ள பூந்துக்கலாமா நைனா?” என்றான். வரதனுக்கு வந்ததே கோபம்! “அது திருட்டு. ஆளு பக்கத்துல நிக்கணும். ‘எடு’ன்னு வாயால சொல்லணும். இல்லாங்காட்டி நான் தொடமாட்டேன்” என்று கேனை இறக்கக்கூட விடாமல் பாடம் நடத்தினார்.

இவ்வளவு மரியாதை வைத்திருப்பவர் சனிக்கிழமை வந்தால் வேறு ஆளாகிவிடுவார். “குப்ப சேந்துபோச்சு” என்று மேசை மேசையாகப் போய் எல்லா பிஸ்கோத்தையும் வழித்துத் துடைத்துவிடுவார். அப்புறம் ஆபீசே பாஸ்வேர்டைத் தேடி அல்லாடும். அவரோடு இதற்காக மல்லுக்கு நிற்பவள் வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸ் பிரின்சி ஒருத்திதான். அவள் நாஷ்டாவுக்குப் போகும் நேரம் பார்த்து அவள் கம்ப்யூட்டரையும் துடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்போல் விசிலடிப்பார் மனிதர்.

போன சனிக்கிழமை மத்தியானம், கேன்டீனில் சமைக்கும் கிரேஸ் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

கிரேஸின் மகள் ரூபிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆபரேஷன் செய்து கருவி பொருத்தி, சென்னையில் ஒரு நிலையத்தில் பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு வகுப்பையும் வீடியோ எடுத்து, பெற்றோர் பார்க்கத் தங்கள் தளத்தில் போட்டுவைப்பார்கள். ரூபி முதன்முதலாக ‘ம்மா’ என்று சொன்ன நாளில் அவளை அழைத்துப் போயிருந்தவர் அவள் அப்பா. அம்மாக்காரி இங்கே எங்களுக்குச் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பிரின்சியின் கம்ப்யூட்டரில்தான் அந்தச் சொல்லைக் கேட்டாள்.

அந்தத் தளத்தை அன்று சாயங்காலத்தோடு மூடுகிறார்களாம். இன்னொரு பிள்ளையின் தாய் அப்போதுதான் போனில் சொல்லியிருக்கிறாள். பாஸ்வேர்டு கிரேஸுக்கு மறந்துவிட்டது. புதிது வாங்கலாமென்றால் சேரும்போது கொடுத்த போன் நம்பர் இப்போது இல்லை. நிலையத்தில் மணி அடிக்கிறது, எடுப்பாரில்லை.

“பிரின்சி சிஸ்டத்துல அன்னிக்கு தொறந்தது அப்டியேதான் கீது. ஆனா அதுல பாக்கத்தான் முடியும், எடுத்து வச்சிக்க முடியாது. நீ எடுத்து குடுண்ணா” என்றாள்.

“இதெல்லாம் சின்னவன் வேல” என்று எழுந்த வரதன், பிரின்சியின் மேசைக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டார். நாற்காலியைத் தட்டவில்லை.

“இத்த... காலைலதானே தொடச்சேன்” என்றார்.

கிரேஸுக்கு மற்றது புரிந்ததோ இல்லையோ, அந்த முகம் புரிந்துவிட்டது. “போச்சாண்ணா?” என்று கேட்டாள். அந்த மனிதரை அப்படியே அறைந்துவிடலாம்போல் எனக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட மோசம், அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

பிரின்சி ‘ஜெபப் பாட்டு’ என்று பேர் போட்ட ஒரு ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே பாட்டு எதுவும் இல்லை. வேறொரு பிரவுசர் இருந்தது.

“நீங்க தொடைக்கறது அத்த சார். நான் வேல செய்யறது, கிரேஸு அன்னிக்கு பாத்தது எல்லாம் இத்துல. உங்க தொல்ல தாங்காமதான் ஒளிச்சி வச்சேன்.”

வேறு நாளாக இருந்தால் ஆபீசே இரண்டாகியிருக்கும். வரதன் கையெடுத்துக் கும்பிட்டார். “நீ நல்லா இருப்பமா” என்று சொல்லி, நாற்காலியைத் துடைக்காமலே உட்கார்ந்தார்.

“கிரேஸு, எடுக்கவா? வாயத் தொறந்து சொல்லு.”

“எடுண்ணா, சீக்கிரம் எடு!”

பெரியவனிடமிருந்த அடையாளத்தை ஒரு கோப்பாக எடுத்துச் சின்னவனிடம் கொடுத்தார். கிரேஸ்தான் வந்திருக்கிறாள் என்று நம்பி, தளம் அவனையும் உள்ளே விட்டது. திரையில் பச்சைக் கோடு நத்தையாக நகர்ந்தது. டீ வந்தது, ஆறியது. கிரேஸ் அந்தக் கோட்டையே பார்த்து வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். கோடு நிரம்பியதும் வரதன் முதல் காரியமாக அந்தக் குக்கீ கோப்பை அழித்தார். “ஒன் பிஸ்கோத்து என் கைல இருக்கக்கூடாது” என்றார்.

வெளியே கம்பி உருளும் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று ஹெட்போனை அவளிடம் கொடுத்தார். கேட்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டினாள்.

“நீயும் கேளுண்ணா.”

திரையில் டீச்சர் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். பிள்ளை அதையே உற்றுப் பார்த்து, மெல்ல வாயைத் திறந்தது. வரதன் ஒரு கையால் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்த ‘ம்மா’ தாண்டியதும், யாரையும் கேட்காமல், மறு கையால் மவுஸை நகர்த்திப் படத்தைப் பின்னுக்கு இழுத்தார்.