ராகுகாலத்தில் ஊர் பார்த்தவர்கள்

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது, ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று பேர் முல்லைத்தீவு பார்க்க வந்தார்கள். அப்படித்தான் எனக்குச் சொல்லப்பட்டது. எங்கள் ஊரைப் பார்ப்பதற்கென்று எவரும் பஸ் ஏறி வந்ததாக அதற்கு முன்னர் நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே மிகவும் பெருமையாக இருந்தது.

உண்மையில் அவர்கள் பார்க்க வந்தது என் சின்னம்மாவை. அம்மாவின் தங்கையான அவர் ஊர்ப் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்துக்கொண்டு எங்களோடுதான் இருந்தார். சம்பந்தம் சரிவராவிட்டால் நாலு பேருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, வற்றாப்பளை அம்மனைக் கும்பிட வருகிறார்கள், போகிற வழியில் ஊரையும் பார்த்து எங்கள் வீட்டில் சாப்பிடுவார்கள் என்று இரு பகுதியாரும் பேசி வைத்திருந்தார்கள். என் வாயில் எதுவும் தங்காது என்பதால் எனக்கும் அதையே சொல்லிவிட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு வருவதாக இருந்தவர்கள் பத்தரைக்கே வாசலில் நின்றார்கள். அப்பா வேலைக்குக் கந்தோர் போயிருந்தார். அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து உள்ளே கூப்பிட்டால், வந்த அம்மாள் படலைக்கு வெளியே நின்றபடி மாட்டேன் என்று தலையாட்டினார். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். அதற்குள் படி மிதிக்க மாட்டாராம். அவருடைய தமையனார், வயிறு பெருத்த மனிதர், குசினிப் பக்கம் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். மூன்றாமவர் அந்த அம்மாளின் மகன். கொழும்பில் உத்தியோகம். கையில் மணிக்கூடு கட்டியிருந்தார். மூவரில் அவரிடம் மட்டுந்தான் மணிக்கூடு இருந்தது.

நான் போய் ஊரைக் காட்டி, பன்னிரண்டு மணிக்குக் கூட்டிவருவது என்று முடிவாயிற்று. சட்டை மாற்ற ஓடியபோது சின்னம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப் போனார். எந்தெந்த இடத்தை எந்த ஒழுங்கில் காட்டவேண்டும் என்று வாய்ப்பாடு போலச் சொல்லித் தந்து, திருப்பியும் சொல்லவைத்தார். ஒன்றையும் விடக்கூடாது. கடைசியில், காக்கா என்று ஊரே கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் தேத்தண்ணிக் கடையில் வட்டிலப்பம் வாங்கிக் கொடுக்கவேண்டும். "அந்த அம்மாவுக்குக் கட்டாயம்" என்றார்.

முதலில் வெளிச்சவீடு. ஏற விடமாட்டார்கள் என்பதால் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். கழுத்து நொந்தவுடன் ஒல்லாந்தர் கோட்டைக்குப் போனோம். கோட்டை இல்லை, இருந்த இடம் இருந்தது. பற்றையும் ரெண்டு கல்லும். அந்த அம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு, கோட்டை எங்கே என்று கேட்டார். அவருடைய மகனோ கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, வாசல் எந்தப் பக்கம் இருந்தது, பீரங்கி எங்கே நின்றது என்று விசாரித்தார். எனக்குத் தெரியாததால் எல்லாவற்றுக்கும் கைகாட்டிப் பதில் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் நம்பினார். இப்படியொரு ஊர் விரும்பியை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை.

பிறகு கடற்கரை. மணல் அடுப்பு மாதிரிக் கொதித்தது. அந்த அம்மாளின் செருப்பு ஓரிடத்தில் புதைந்துபோக, நானும் அவர் மகனும் குந்தியிருந்து கிளறி எடுத்தோம். கரைவலை இழுத்து முடித்திருந்தார்கள். தமையனார் துள்ளிக்கொண்டிருந்த இறால்களுக்குப் பக்கத்தில் நின்று, மீன் தொடக்கூடாத வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டோமே என்று துக்கப்பட்டார்.

என் வாய்ப்பாட்டில் ஒவ்வோர் இடம் முடியும்போதும் மகன் குனிந்து, "பிள்ளை, வேற என்ன இருக்கு பார்க்க?" என்று கேட்பார். நானும் சின்னம்மா சொல்லாதவற்றையும் சேர்த்துக்கொண்டேன். தபால் கந்தோர், என் பள்ளிக்கூடம், போன மழைக்கு விழுந்த புளியமரம். அந்த அம்மாள் நேரம் கேட்கும்போதெல்லாம் அவர் மணிக்கூட்டைப் பார்த்து, "இன்னும் ராகுகாலம் முடியேல்லை, அம்மா" என்பார்.

காக்காவின் கடைக்குப் போனபோது அவர் ஜும்மா தொழுதுவிட்டு வந்து பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். அப்படியானால் ஒரு மணி தாண்டிவிட்டது என்பது எங்கள் ஊரில் எந்தக் குழந்தைக்கும் தெரியும். மகனின் மணிக்கூட்டிலோ பன்னிரண்டாகக் கால் மணி நேரம் இருந்தது. கொழும்பு மணிக்கூடுகள் பிந்தித்தான் ஓடும் போலும் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

வட்டிலப்பம் வந்தது. அந்த அம்மாள் சைவந்தானே என்று கேட்டார். காக்கா உள்ளே நின்றதால் அவருக்குக் கேட்கவில்லை. மகன் தட்டைத் தாயிடம் நகர்த்தி, "கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும், அம்மா" என்றார். வெயிலில் அலைந்த களைப்பு. அவர் ஒரு தட்டு முடித்தார். மகன் கேட்காமலே இன்னொன்று எடுத்துக் கொடுத்தார். அதையும் முடித்துவிட்டு, இவ்வளவு மிருதுவாக எப்படி வருகிறது என்று என்னை வியந்து கேட்டார். ஊரைப்பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"எங்கட காக்கா ஒரு சட்டிக்குப் பத்து முட்டை அடிச்சு ஊத்துவார்" என்றேன்.

மகன் தெருவில் நின்ற மாட்டைக் கவனமாகப் பார்த்தார். அந்த அம்மாள் எழுந்து போய், வாயைப் பல தடவை கொப்பளித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "விரத நாளில முட்டை திண்ட வாயோட நான் நல்ல காரியம் கதைக்க மாட்டன். அம்மன் வாசலுக்கும் போகேலாது. அந்த வீட்டிலயும் ஏதோ தடை இருக்கு."

தமையனார், விரதம் எப்படியும் போய்விட்டது என்று மூன்றாவது தட்டை முடித்துக்கொண்டு எழுந்தார். மூவரும் அப்படியே பஸ்ஸுக்குப் போனார்கள். நான் தனியாக வீட்டுக்கு வந்தபோது வாழையிலைகள் போட்டபடி இருந்தன. அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டு குசினி வாசலில் இருந்துவிட்டார். ஏழு கறியையும் நாங்கள் மறுநாள் மத்தியானம் வரை தின்றோம். அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. வேறு சம்பந்தம் உடனே அமையாததால், தைமாதம் சின்னம்மா ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குப் போனார். அனுமதிக் கடிதம் அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னரே வந்து அவருடைய பெட்டிக்குள் கிடந்ததென்பது எனக்கு மிகப் பிந்தித்தான் தெரியவந்தது. அந்த மகனுக்கு என்ன காரணம் இருந்ததோ, இன்றுவரை தெரியாது.

அன்று பின்னேரம் கிணற்றடியில் சின்னம்மாவுக்கு எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பத்து முட்டை வந்தபோது அவர் சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வந்தது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"அந்த அம்மாவின்ர மகன் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னவர்."

"எனக்கோ?"

"ஓம். பஸ்ஸடியில வைச்சு, இந்த இடமெல்லாம் ஆர் சொல்லித் தந்தது எண்டு கேட்டவர். சின்னம்மா எண்டனான். தன்ரபாட்டில சிரிச்சுப்போட்டு, அவவுக்கு என்ர நன்றியைச் சொல்லும் எண்டவர்."

சின்னம்மா அதைத் திரும்பச் சொல்லவைத்தார். மணிக்கூட்டுக் கதையையும் இரண்டு தடவை கேட்டார். முதல் தடவை சிரித்தார். இரண்டாம் தடவை கிணற்றுக் கட்டின்மேல் குந்திவிட்டார்.

"அவர் ஆள் எப்பிடி?"

யோசித்துப் பார்த்தேன். மணிக்கூடு ஞாபகம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. "தெரியேல்லை, சின்னம்மா. நான் ஊரைத்தானே பார்த்துக்கொண்டு போனனான்."

"இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு திரிஞ்சிட்டு, முகத்தை வடிவாப் பார்க்கேல்லையோ?" என்றார். குரலில் கோபம் இருந்தது. சொன்ன ஒன்றையும் விடாமல் செய்து முடித்துவிட்டு வந்த என்மேல், இந்தச் சின்ன விஷயத்துக்காக அவர் ஏன் கோபித்தார் என்று விளங்காமல், வாளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.