கிளாஃபிராவின் வியாழக்கிழமைகள்

சோவியத் காலத்து மாஸ்கோவில், பிரிட்டிஷ் தூதரகத்துச் சமையலறையில் கிளாஃபிரா யெகோரவ்னா இருபத்தாறு வருஷம் சூப் வைத்தாள். வியாழக்கிழமைதோறும் பெயர்ப்பலகை இல்லாத ஓர் அலுவலகத்துக்குப் போய், தூதர் என்ன பேசினார் என்று உளவுத்துறை அதிகாரி லுக்யானவிடம் ஒப்பிக்க வேண்டும். தூதரகத்தில் வேலைக்குச் சேர்ந்த உள்ளூர்க்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் விதி. ஐந்து தூதர்கள் மாறினார்கள். ஐந்து பேரும் மழையைப் பற்றித்தான் பேசினார்கள்.

ஐந்தாமவர் காலத்தில் கூரை ஒழுகியது. கட்டடத்தைப் பழுதுபார்க்க வேண்டிய சோவியத் அமைச்சகத்துக்குப் பதினோரு கடிதம் எழுதிப் பார்த்தார். பதில் இல்லை. ஒரு புதன்கிழமை அவரே சமையலறைக்கு வந்தார்.

"நாளைக்குக் கூரை விஷயத்த அங்க கொஞ்சம் சொல்லிடுங்கம்மா."

"எங்கங்க?" என்றாள், முட்டைக்கோஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்க போற எடத்துலதான்."

சனிக்கிழமை காலையில் ஆட்கள் ஏணியோடு வந்து நின்றார்கள்.

ருசி கண்டபின் லுக்யானவும் விடவில்லை.

"விருந்துல எங்க மந்திரிய ஜன்னல் பக்கம் உக்கார வைக்க வேணாம், குளிரு ஆகாதுன்னு அவங்க காதுல போடுங்க. நான் சொன்னதா இருக்கக் கூடாது."

"நான் சமையல்காரிங்க."

"அதான் உங்ககிட்ட சொல்றேன்."

ஆறாவது தூதர் வந்தார். காலையில் கிரெம்ளினில் முறைப்படி நியமனப் பத்திரத்தைக் கொடுத்தார். மத்தியானம் நேரே சமையலறைக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

கிளாஃபிரா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு முக்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க. என்ன ஒழுகுது?"